தூங்கட்டும், விடுங்கள்!

கார்த்திகை தீபத்தன்று இரவு செஞ்சியில் யாரும் தூங்குவதில்லை. தூங்க முடியாது என்பதுதான் சரி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ரயில் வரும், வரும் என்கிறார்கள், வந்தபாடில்லை. ஆகவே அண்ணாமலையானைத் தரிசிக்கப் போகிற கூட்டமும், தரிசித்துவிட்டுத் திரும்புகிற கூட்டமும் பஸ்ஸில்தான் எங்களைக் கடந்து செல்ல வேண்டும். விடிய விடிய ஹாரன் சத்தம். வீட்டில் புரண்டு கொண்டிருப்பதை விடப் பஸ் நிலையத்து டீக்கடையில் போய் உட்காருவது மேல் என்று நான் கண்டுகொண்டு வெகு நாளாயிற்று.

2025-ஆம் ஆண்டு தீபம் டிசம்பர் 3-ஆம் தேதி வந்தது. இரவு இரண்டு மணி இருக்கும். ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக வந்து கொண்டிருந்தன. தபால் முத்திரையைப் பார்த்து ஊரைச் சொல்லுகிற மாதிரி, பஸ்ஸின் மேல் எழுதியிருக்கும் டிப்போ பெயரைப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எனக்கு ஒரு பைத்தியம். எந்த ஊரிலோ இரண்டு நாளைக்குக் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த வண்டியை இழுத்து வந்து இந்தச் சாலையில் விட்டிருக்கிறார்கள். திருவிழா முடிந்ததும் திருப்பி அனுப்பி விடுவார்கள். நம் நாட்டில் ஒழுங்காக நடக்கிற மிகச் சில காரியங்களில் இதுவும் ஒன்று. இதை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

அப்படி வெகு தூரத்து டிப்போவிலிருந்து வந்த ஒரு பஸ், நிலையத்துக்குள் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார், முகத்தைக் கழுவிக் கொண்டார், திரும்ப ஏறி, ஸ்டியரிங்கில் உட்காராமல் பக்கத்தில் இருந்த நீள ஸீட்டில் துண்டை விரித்துப் படுத்து விட்டார்.

பஸ்ஸுக்குள் கொந்தளிப்பு. ஓர் இளைஞர் இறங்கி வந்து தகரத்தைத் தட்டினார்.

"இன்னா இது? பாதி வழியில படுத்துக்கினா நாங்க எப்ப மெட்ராஸ் போய்ச் சேர்றது?"

"நேத்துக் காலையில வண்டி எடுத்தவரு சார். மாத்து டிரைவர் வரணும், வரல. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்குங்க" என்றார் கண்டக்டர், கையைக் கூப்பாத குறையாக.

ஆளுக்கு ஆள் கத்தினார்கள். ஜன்னலோரத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிரசாதப் பை. அவள் தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்:

"தூங்கட்டும் விடுங்கடா. கண்ணு மூடறது இங்கியே மூடட்டும். தீவனூர் ரோட்டுல மூட வேணாம்."

அவ்வளவுதான். சத்தம் அடங்கி விட்டது. இளைஞரும் டீக்குடிக்க வந்து விட்டார்.

அடுத்த இரண்டு நாளில் நம் நாட்டு ஆகாய மார்க்கத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இண்டிகோ என்னும் கம்பெனி, இந்தியாவில் விமானத்தில் போகிற நூறு பேரில் ஏறக்குறைய அறுபத்தைந்து பேரை ஏற்றிச் செல்லுகிற கம்பெனி, நாளொன்றுக்கு 2,200 நடை போகிற கம்பெனி, டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடைகளை ரத்து செய்தது. டில்லியிலிருந்து அன்று அதன் உள்நாட்டு விமானம் ஒன்றுகூட நள்ளிரவு வரை கிளம்பாது என்று அறிவித்தார்கள். கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள், சாவு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் மூட்டை முடிச்சுகளின் மேல் உட்கார்ந்து விட்டார்கள்.

மறு நாள் நங்கநல்லூரிலிருந்து என் மச்சான் போன் செய்தார். என் மனைவியின் தமையனார். பாங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். அன்று அவருக்கு டிக்கெட்டும் கிடையாது, பிரயாணமும் கிடையாது. கோபம் மட்டும் நிறைய இருந்தது.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை! பைலட்டுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் ஓய்வு வேணுமாம். சட்டம் போட்டிருக்கான். லட்ச லட்சமாச் சம்பளம் வாங்கிக்கிட்டுத் தூங்கறதுக்கும் ஒரு சட்டமா? விமானமெல்லாம் சும்மா நிக்குது. நிக்கற விமானத்தை எடுத்து அனுப்ப வேண்டியதுதானே?"

இந்த இரண்டு வாக்கியங்களையும் அந்த வாரத்தில் நான் இருபது பேர் வாயில் கேட்டேன். எல்லோரும் படித்தவர்கள், என்னை விட அதிகம் படித்தவர்கள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆனாலும் பிரசாதப் பையை மடியில் வைத்திருந்த கிழவிக்குத் தெரிந்தது இவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் "சும்மா நிற்கிற விமானம்" என்பதை எடுத்துக் கொள்ளுவோம். விமானம் மாட்டு வண்டி அல்ல, அவிழ்த்துப் பூட்டுவதற்கு. ஒரு விமானம் காலையில் சென்னையில் கிளம்பி மதுரை போகிறது, திரும்பிச் சென்னை, பிறகு ஹைதராபாத், அங்கிருந்து கொச்சி, அப்புறம் பெங்களூர் என்று நாளைக்கு ஐந்தாறு நடை போகும்படி சங்கிலி கோத்திருப்பார்கள். அதை ஓட்டுகிற விமானிகளுக்கு வேறொரு சங்கிலி. பணிப்பெண்களுக்கு இன்னொரு சங்கிலி. இந்த மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முடிச்சுப் போட்டுக் கொண்டால்தான் விமானம் கிளம்பும். ஐம்பது ஸீட்டுக்கு ஒரு பணியாள் என்பது விதி. 180 பேர் ஏறுகிற விமானத்துக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் வந்து ஒருவர் வராவிட்டால், இரண்டு விமானிகளும் இறக்கையைப் பார்த்துக் கொண்டு நிற்க வேண்டியதுதான். தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் போகிற சிறிய ஏ.டி.ஆர். விமானத்தை ஓட்டுகிறவர், பக்கத்தில் ஆளில்லாமல் நிற்கிற பெரிய ஏர்பஸ்ஸில் ஏறி உட்கார முடியாது. அதற்குத் தனிப் படிப்பு, தனிப் பரீட்சை, தனி அனுமதி. ஒரு கம்பெனியின் விமானியை இன்னொரு கம்பெனியின் விமானத்தில் அன்றைக்கே ஏற்றவும் முடியாது. விமானம் ஒரே வகையாக இருந்தாலும்கூட.

ஆகவே குழப்பம் வந்துவிட்டால் கம்பெனிக்காரர்கள் செய்கிற காரியங்கள் வெளியே இருந்து பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பிரயாணிகள் தவித்துக் கொண்டிருக்கையில் ஒரு விமானத்தைக் காலியாகவே ஓட்டிச் செல்லுவார்கள். வேறோர் ஊரில் அதற்காக இருநூறு பேரும், ஓட்டத் தகுதியுள்ள ஆளும் காத்திருப்பார்கள். டிக்கெட் வாங்கினவனுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டு, சீருடை போட்ட விமானி ஒருவரைப் பிரயாணி ஸீட்டில் உட்கார வைத்து அனுப்புவார்கள். அவர் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே ஒரு விமானம் எழும்பும். பாதி நிறைந்த இரண்டு விமானங்களின் ஜனங்களை ஒரே பெரிய விமானத்தில் அடைப்பார்கள். போகிற நடையையும் வருகிற நடையையும் ஜோடியாக ரத்து செய்வார்கள். ஒன்றை மட்டும் ரத்து செய்தால் விமானம் சொந்த ஊரை விட்டு எங்கோ அநாதையாக நின்று விடும். இதெல்லாவற்றுக்கும் மேலாக, முற்றிலும் சிக்கலாகிவிட்டால், ஓடக்கூடிய நடைகளையும் சேர்த்து நிறுத்திவிட்டு, ஆட்களையும் விமானங்களையும் அவரவர் இடத்தில் கொண்டு போய்ச் சேர்த்து, மறு நாள் காலையில் புதிதாக ஆரம்பிப்பார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி நடந்தது அதுதான். பின்னல் சிக்கிக் கொண்டால் இழுக்க இழுக்க இறுகும். முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் வார வேண்டும். பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவிலும் இப்படி நடந்தது. 2022 டிசம்பரில் கிறிஸ்துமஸ் சமயத்துப் பனிப்புயலில் சௌத்வெஸ்ட் என்னும் கம்பெனி பத்து நாளில் 16,000-க்கும் மேற்பட்ட நடைகளை ரத்து செய்தது. புயல் எல்லாக் கம்பெனிக்கும் பொது. மற்றவர்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்து விட்டார்கள். சௌத்வெஸ்டில் மட்டும் எந்த விமானி எந்த ஊர் ஹோட்டலில் இருக்கிறார் என்பது கம்பெனிக்கே தெரியவில்லை. "நான் இங்கே சும்மாத்தான் இருக்கிறேன், என்னை அனுப்புங்கள்" என்று சொல்வதற்காக விமானிகள் டெலிபோனில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு நடைகளைச் சில நாளைக்கு அடியோடு நிறுத்தித்தான் மீண்டார்கள். மறு வருஷம் அமெரிக்க சர்க்கார் 14 கோடி டாலர் தண்டம் போட்டது.

ஆக, நிற்கிற விமானத்தை அனுப்புவது முடியாத காரியம் என்கிறேனா? இல்லை, அதைத்தான் மறுக்கிறேன். முடியும். நம்மவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். 1990-இல் குவைத்தை இராக் விழுங்கியபோது, அங்கே அகப்பட்டுக் கொண்ட இந்தியர்களை ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா ஏற்றி வந்தது. இரண்டு மாதம், ஐந்நூறு நடைகளுக்குச் சற்றுக் குறைவு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் மீனம்பாக்கத்து ஓடுபாதையில் ஏறி நின்றபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்தில் பிரயாணி விமானங்கள் இறங்கின. சீருடைக்காரர்களைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாத இடத்தில் குழந்தையும் கையுமாகத் தாய்மார்கள் விமானம் ஏறினார்கள். 2020-இல் கொள்ளை நோய் வந்து உலகத்து விமானங்களெல்லாம் தரையில் படுத்தபோது, மே 7-ஆம் தேதியிலிருந்து அந்த விமானங்களையே கிளப்பி வெளிநாட்டில் சிக்கியவர்களை வீடு சேர்த்தார்கள்.

இதெல்லாம் எப்படி முடிந்தது? வேறு வேலை நின்றதாலோ, நிறுத்தப்பட்டதாலோ கையில் விமானம் இருந்தது, ஆள் இருந்தார்கள். 2025 டிசம்பரில் விமானம் இருந்தது, ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் இல்லை? இங்கேதான் மச்சானின் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். விமானிகளின் ஓய்வு விதிகள் வானத்திலிருந்து திடீரென்று விழவில்லை. 2024 ஜனவரியிலேயே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அவற்றை வெளியிட்டு விட்டது. அந்த வருஷம் ஜூனிலேயே அமலுக்கு வந்திருக்க வேண்டும். கம்பெனிகள் முடியாது என்றன, தள்ளிப் போயிற்று. விமானிகள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு 2025 ஜூலை 1-இல் ஒரு பாதியும், நவம்பர் 1-இல் மறு பாதியும் வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆயிற்று. இரவு என்பது நள்ளிரவிலிருந்து ஐந்து மணி வரை என்றிருந்தது ஆறு மணி வரை என்று நீண்டது. இரவு வேலையில் ஆறு முறை வரை இறங்கலாம் என்றிருந்தது, இரண்டு முறை என்று குறைந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷ அவகாசம்! என் தங்கைக்கு வரன் பார்த்து, கல்யாணம் செய்து, அவள் பிரசவத்துக்கும் வந்து போயிருக்கலாம். இந்த இரண்டு வருஷத்தில் போதிய விமானிகளைச் சேர்த்துத் தயார் செய்யாதவர் யார்? தூங்க விரும்பிய விமானியா?

கம்பெனிக்காரர்களிடம் ஒரு மந்திரம் இருக்கிறது. 'முழு உபயோகம்' என்று பெயர். விமானம் ஒரு நிமிஷமும் சும்மா நிற்கக் கூடாது. ஆள் ஒரு மணி நேரமும் சும்மா இருக்கக் கூடாது. மாற்று விமானி என்று ஒருவரை வீட்டில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பது வீண் செலவு. எல்லாம் நன்றாக நடக்கிற நாளில் இந்த மந்திரம் பலிக்கத்தான் செய்கிறது. டிக்கெட் விலை குறைகிறது. நம்மைப் போன்றவர்களும் விமானம் ஏறுகிறோம். இதை நான் மறைக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் நானும் அந்த மலிவு டிக்கெட்டில்தான் முதல் தடவையாக மேகத்தை மேலிருந்து பார்த்தேன். ஆனால் மழை பெய்கிற நாள், பனி மூடுகிற நாள், விதி மாறுகிற நாள் என்று ஒன்று வந்தே தீரும். அன்றைக்குச் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் அறுகிறது. இயக்குநரகமே விசாரணை நடத்தி, 2026 ஜனவரியில் 22 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தபோது, அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டியதைத்தான் முதல் குற்றமாகச் சொன்னது.

எங்கள் ஊர்க் கோட்டையை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ, உலகச் சொத்து என்று பட்டியலில் சேர்த்த பிறகு நிறையப் பேர் பார்க்க வருகிறார்கள். கல்யாண மகாலின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கொள்ளுகிறார்கள். கீழே இருக்கிற பெரிய நெற்களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்து, "சே, ஒரே இருட்டு, வௌவால் நாற்றம்" என்று திரும்பி விடுகிறார்கள். எனக்கு அந்த இருட்டுக் கூடம்தான் பிடிக்கும். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து ஒடுங்கியதும், ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை எட்டு வருஷம் முற்றுகை இட்டதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். நடுவில் மராட்டியக் குதிரைப் படை வந்து வழிகளை மறித்தபோது, முற்றுகை இட்டவனின் பாளையத்தில்தான் பஞ்சம் வந்தது. 1693-இல் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கிப் போக வேண்டியிருந்தது. களஞ்சியம் கட்டியவனிடம் போய், "ஐயா, இவ்வளவு நெல் சும்மா கிடக்கிறதே, முழு உபயோகம் ஆகவில்லையே" என்று ஒரு கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தால், அந்தக் கணக்கப்பிள்ளையை ராஜகிரி உச்சியிலிருந்து உருட்டி விட்டிருப்பார்கள்.

விமானங்கள் நின்ற அந்த வாரத்தில் ரயில்வேக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 37 ரயில்களில் 116 பெட்டிகளைக் கூடுதலாகக் கோத்தார்கள். அதில் பாதி ரயில்கள் தெற்கு ரயில்வேயைச் சேர்ந்தவை. எப்படி முடிந்தது? உதிரிப் பெட்டி என்று ஒன்று அவர்களிடம் இருக்கிறது. லாபக் கணக்குப் பார்க்கிறவன் கண்ணில் அது யார்டில் துருப்பிடிக்கிற வீண் இரும்பு. அன்றைக்கு அதில்தான் ஜனங்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? டிக்கெட் விலை வாய்க்கு வந்தபடி ஏறிய பிறகு, டிசம்பர் 6-ஆம் தேதி, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500-க்கு மேல் 18,000 ரூபாய் என்று வரம்பு கட்டியது. நல்லது. அதற்கு முந்திய நாளே இன்னொன்றும் செய்தது. இரவு வேலை விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. அதாவது, கம்பெனியிடம் உதிரி ஆள் இல்லை என்பதற்காக, விமானியின் தூக்கத்தை உதிரியாக எடுத்துக் கொள்ள அனுமதித்தது! விமான நிலையத்தில் தவித்தவர்களில் பெரும்பாலோருக்கு இது நியாயமாகவே பட்டிருக்கும். தவிக்கிறவன் எதையும் நியாயம் என்பான். அவனை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் நாற்காலியில் சாய்ந்து கொண்டு கை தட்டினவர்களைத்தான் சொல்கிறேன்.

அவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, துபாயிலிருந்து நம் ஜனங்களை ஏற்றி வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் மழையில் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. விமானத்தில் 190 பேர். 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் சேர்த்து. இறங்குகிற முறையில் விமானி விதிகளை மீறியதுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஆனால் அதோடு அறிக்கை நிற்கவில்லை. மறு நாள் காலையில் கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்துக்கும் அவரே தலைமை விமானி. எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருடைய முடிவைப் பாதித்திருக்கிறது என்றும் எழுதியது. துணை விமானிகள் 26 பேர் இருந்த அந்த ஊரில் கம்பெனி வைத்திருந்த தலைமை விமானி ஒருவர்தான் என்றும் எழுதியது.

இந்த வரியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. அவர் சோம்பேறி அல்ல. நாளைக்கு நான் இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான பேர் தவிப்பார்களே என்று அந்த மழையில் நினைத்திருக்கிறார். கடமை உணர்ச்சி உள்ளவனைத்தான் இந்த 'முழு உபயோகம்' முதலில் விழுங்குகிறது.

ஒவ்வொரு கம்பெனியும் இத்தனை நடைக்கு இத்தனை மாற்று விமானிகளைச் சும்மா வைத்திருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடட்டும். வைத்திருக்க முடியாத கம்பெனி அத்தனை டிக்கெட் விற்கக் கூடாது. டிக்கெட்டுக்குக் கொஞ்சம் பணம் கூடும் என்பார்கள். கூடட்டும். நான் கொடுக்கிறேன். நூறு பேரில் அறுபத்தைந்து பேரை ஒரே கம்பெனியின் கையில் விட்டுவிட்டு, அது தடுக்கி விழுந்தால் தேசமே தடுக்கி விழுகிற ஏற்பாட்டை விட அது மலிவு. 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் கம்பெனி நொடித்துப் போனபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஏறக்குறைய ஒரு வருஷம் கோர்ட்டு வழக்கில் மாட்டிக் கொண்டு வெயிலிலும் மழையிலும் நின்றன. அவற்றை எடுத்து ஓட்ட ஒரு வழி கண்டுபிடிக்க யாருக்கும் அவசரம் இல்லை. நிற்கிற விமானத்தைப் பற்றிக் கோபப்பட அது சரியான சமயமாக இருந்தது. அப்போது மச்சான் எனக்குப் போன் செய்யவில்லை.

இதையெல்லாம் அவரிடம் போனிலேயே சொல்லிப் பார்த்தேன். அவர் பாங்கிக்காரர், கணக்குக்கு மசிவார், கதைக்கு மசிய மாட்டார். "நீங்க எழுத்தாளர் மாப்பிள்ளை, உணர்ச்சிவசப்படறீங்க" என்றார். பேச்சை மாற்றுவதற்காக, சிங்கப்பூரில் இருக்கும் மகள் பொங்கலுக்கு வருகிறாளா என்று கேட்டேன். குரலே மாறி விட்டது. வருகிறாளாம், குழந்தையையும் அழைத்துக் கொண்டு.

"எத்தனை மணி விமானம், மச்சான்?"

"ராத்திரிதான் மலிவாக் கிடைச்சுதாம். விடியற்காலை மூணரைக்கு மீனம்பாக்கத்துல இறங்கும்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, வேறு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "சரி மாப்பிள்ளை, வச்சிடறேன்" என்றார்.